வேண்டாம் என்றால் இன்னொரு தடவை கேள்

1

நேற்று மத்தியானம் தாராபுரத்தில் என் கணவரின் அண்ணன் வீட்டில் விருந்து. நாங்கள் நெதர்லாந்திலிருந்து ஒரு மாத விடுப்பில் வந்திருக்கிறோம், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாள் சாப்பாடு. இலையில் பாதிச் சோறு இறங்கியிருந்தபோது அண்ணன் மனைவி, நான் தனக்கா என்று கூப்பிடுகிறவர், ஒப்புட்டுத் தட்டோடு வந்தார். மற்ற ஊர்க்காரர்கள் போளி என்பதைத்தான் நாங்கள் ஒப்புட்டு என்போம். என் ஆறு வயது மகள் மகியிடம் தட்டை நீட்டி, "ஒப்புட்டு திங்கறயா கண்ணு?" என்று கேட்டார்.

"வேணுங்க பெரீம்மா" என்றாள் மகி.

சம்பவம் அவ்வளவுதான். எதிர் வரிசையில் இருந்த சொந்தக்காரர் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்ட வாய் மூடுவதற்குள் வேணும் என்கிறதே, காணாததைக் கண்ட மாதிரி, அங்கே சோறு போடுகிறார்களா இல்லையா என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். நான் அழுதுவிடுவேனோ என்று பயந்து, ரசம் காரம் என்று சொல்லித் தண்ணீர் குடித்தேன். இந்த ஒரு "வேணுங்க"வுக்காக நான் ஒரு குளிர்காலம் முழுக்கத் தூக்கம் கெட்டவள். அதைத்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

2

எனக்குப் பிறந்த ஊர் சூலூர். அப்பா தறி ஓட்டினார். இவருக்கு ஊர் தாராபுரம், கோயமுத்தூரில் ஒரு பம்புசெட் கம்பெனியில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவர். கல்யாணமான கையோடு ஐந்தோவன் என்ற ஊரில் வேலை கிடைத்து, சைக்கிளும் மழையும் மட்டுமே இருக்கிற அந்தத் தேசத்துக்குப் போனோம். மகி பிறந்தது அங்கேதான். ஆனால் வீட்டுக்குள் கொங்குத் தமிழ்தான். அதில் நான் கறார். ஒரு "ங்க" குறைந்தாலும் சோறு கிடையாது என்று மிரட்டுவேன்.

அங்கே நாலு வயதில் பள்ளிக்கூடம். டீச்சரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். எல்ஸ் என்று அவருக்குப் பெயர், தலை நரைத்தவர், ஒவ்வொரு குழந்தைக்கும் குனிந்து கை கொடுத்துத்தான் வகுப்புக்குள் விடுவார். எனக்கு வெறும் "எல்ஸ்" என்று சொல்ல வாய் வரவில்லை. "எல்ஸ் டீச்சர்" என்பேன். டீச்சர் என்பது நான் தனக்கு வைத்த குடும்பப் பெயர் என்று சொல்லி அவர் வெகுநாள் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் பேசுவதெல்லாம் டச்சு மொழி. எனக்குப் புரிந்ததை நம் தமிழில் எழுதுகிறேன், பிசகு இருந்தால் என் காது.

அந்த வகுப்பில் சட்டம் போடுவது டீச்சர் இல்லை, குழந்தைகள். கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். மூக்கு ஒழுகுவதைத் துடைக்கத் தெரியாததுகள் சட்டம் போடுகின்றனவாம். ஆனால் நிஜம்தான். வெள்ளிக்கிழமை காலையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காருவார்கள். நூலில் பின்னிய ஒரு வாத்து பொம்மை கைமாறிக்கொண்டே வரும். வாத்து யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். டீச்சருக்கும் அதே விதி. ஒரு சட்டம் வேண்டுமென்றால் ஆளுக்கொரு மரமணியை நீலக் கிண்ணத்திலோ மஞ்சள் கிண்ணத்திலோ போட வேண்டும். நீலம் நிறைந்தால் சட்டம். எழுதப் படிக்கத் தெரியாததால் அதைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டுவார்கள்.

சுவரில் முதல் படம் ஒரு பெரிய உள்ளங்கை. வேண்டாம் என்றால் வேண்டாம்தான், மறுபடி கேட்கக் கூடாது என்று அதற்கு அர்த்தம். தைஸ் என்ற பையனை யாரோ அழ அழக் கிச்சுக்கிச்சு மூட்டியிருக்கிறார்கள், அதிலிருந்து வந்த சட்டம். நல்ல சட்டம்தானே என்று நானும் மெச்சிக்கொண்டேன்.

3

நான் படித்த சூலூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு சட்டம்தான், கையைக் கட்டு, வாயைப் பொத்து. டீச்சர் ஆபீசுக்குப் போகும்போது லீடரிடம் சாக்பீஸைக் கொடுத்துவிட்டுப் போவார். கரும்பலகையில் "பேசுபவர்கள்" என்று தலைப்பு. கீழே முதல் பெயர் என்னுடையது. மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. என் பெயருக்குப் பக்கத்தில் வேலி போட்ட மாதிரி பெருக்கல் குறிகள் நிற்கும். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய வீட்டுப் பெண்ணை வாயைப் பொத்து என்றால் எப்படி?

அப்படிப்பட்டவள் பெற்ற பிள்ளை பேசவில்லை என்று ஒரு பள்ளிக்கூடத்தில் புகார் வரும் என்று யார் கண்டார்கள்.

4

அங்கே பெற்றோரும் டீச்சரும் பார்த்துப் பேசுவதற்குப் பத்தே நிமிடம். கணினியில் நேரம் பிடிக்க வேண்டும். தாமதமாகப் போனால் நம் நிமிடம்தான் குறையும், அடுத்தவர் கதவுக்கு வெளியே கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பார். குழந்தைகள் உட்காருகிற குட்டி நாற்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்க நானும் இவரும் உட்கார்ந்தோம்.

"மகி நல்ல குழந்தை" என்று எல்ஸ் ஆரம்பித்தார். நல்ல குழந்தை என்று ஆரம்பித்தாலே பின்னால் ஒன்று இருக்கும் என்று எந்த ஊர்த் தாய்க்கும் தெரியும். "ஆனால் எதிலும் சேர்வதில்லை. பேசுகிறாயா என்றால் வேண்டாம் என்கிறாள். பழம் வேண்டாம், வண்ணம் வேண்டாம், இன்றைக்கு நீ உதவியாளராக இருக்கிறாயா என்றால் அதுவும் வேண்டாம். எழுத்தும் எண்ணும் நன்றாகவே வருகிறது. ஆனால் தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லாத குழந்தை மேல் வகுப்பில் காணாமல் போய்விடும். இன்னொரு வருடம் இங்கேயே இருக்கட்டுமா என்று யோசிக்கிறோம். கோடைக்குள் முடிவெடுக்க வேண்டும்."

எனக்கு ஒரு வார்த்தைதான் கேட்டது. பெயில். எங்கள் இரண்டு குடும்பத்திலும் பெயிலானவர்கள் நிறைய உண்டு, ஆனால் ஒன்றாம் வகுப்புக்கு முன்னாலேயே பெயிலானவர் கிடையாது.

வெளியே வந்து சைக்கிள் பூட்டைத் திறக்கையில் இவர் மெதுவாகச் சொன்னார். "ஏம்புள்ள, ஊட்ல அத்தன வாய் பேசறா. அங்க என்னவாச்சு இவளுக்கு?"

"எனக்குத் தெரியலீங்க" என்றேன். தெரியாமல் இருந்ததுதான் பெரிய வேதனை.

அன்று சாயங்காலம் மகிக்குத் தலை பின்னும்போது சுற்றி வளைத்துக் கேட்டேன். "பள்ளிக்கூடத்துல உனக்கு ஆரு சிநேகிதம் கண்ணு?"

"ஆருமில்லீங்மா. அங்க ஆருக்கும் என்னயப் புடிக்காது."

சாதாரணமாகத்தான் சொன்னாள். அழவில்லை. நான்தான் பின்னலைப் பாதியில் விட்டுவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். பெயிலாவது பெரிய விஷயமா, ஒரு வருடம் போனால் போகிறது. ஆறு வயதில் தன்னை யாருக்கும் பிடிக்காது என்று ஒரு குழந்தை முடிவு செய்துவிட்டால் அதை எந்த வகுப்பில் போட்டுச் சரி செய்வது?

நிறம் காரணமா, நம் சாப்பாட்டு வாசம் காரணமா என்று ராத்திரி பகலாக யோசித்தேன். பார்த்த முகத்தையெல்லாம் சந்தேகப்பட்டேன். மூட்டையைக் கட்டிக்கொண்டு கோயமுத்தூரில் உக்கடத்துப் பக்கம் ஒரு வாடகை வீட்டைப் பார்த்துக் குடியேறிவிடலாம் என்று இவரிடம் சண்டையும் போட்டேன்.

5

பழம் நறுக்கிக் கொடுக்கப் பெற்றோர் முறை வைத்துப் போவதுண்டு. என் முறை வந்தது. ஒரு மூலையில் நின்று வாழைப்பழமும் ஆப்பிளும் நறுக்கினேன். அன்றைக்கு உதவியாளர் ரூஸ் என்ற பெண், மகி வயதுதான், பல் விழுந்தவள். தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போனாள். ஆமாம் என்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மகியிடம் வந்து சிரித்தபடி தட்டை நீட்டினாள்.

மகி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, உள்ளங்கையைக் கவிழ்த்து மடிக்கு மேலே லேசாக ஆட்டி, வேண்டாம் என்றாள்.

ரூஸ் அடுத்த குழந்தையிடம் போய்விட்டாள். மகியின் கண் மட்டும் அந்தத் தட்டோடு வட்டம் முழுக்கச் சுற்றி வந்தது.

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அந்தத் தலைச் சாய்ப்பும் அந்தக் கை ஆட்டலும் எனக்குத் தெரியும். சம்பந்தி வீட்டில் காபி டம்ளரைப் பார்த்ததும் என் அம்மா செய்வது. "அய்யோ வேண்டாங்க, இப்பத்தான் குடிச்சுபோட்டு வந்தனுங்க" என்பார். அவர்கள் மறுபடி சொல்வார்கள். அம்மா மறுபடி வேண்டாம் என்பார். மூன்றாவது தடவை, "உங்க மனசு சங்கடப்படக் கூடாதுங்கறதுக்காக" என்று வாங்கி ஒரே மடக்கில் குடிப்பார். நம் பக்கத்தில் அதுதானே மரியாதை. முதல் வேண்டாம் கணக்கிலேயே சேராது என்று கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும்.

போன தடவை ஊருக்கு வந்தபோது தாராபுரம் கிளம்புவதற்கு முன்னால் மகியை நிறுத்திவைத்துப் பாடம் எடுத்தவள் நான்தான். கேட்ட உடனே வாங்கப்படாது கண்ணு. மொதல்ல வேண்டாம்னு சொல்லோணும். ரெண்டாவுது தடவையும் வேண்டாம்னு சொல்லோணும். மூணாவுது தடவ வாங்கிக்கலாம். அவள் எங்கேயும் பிசகவில்லை. எல்லோரும் மெச்சினார்கள், வெளிநாட்டுப் பிள்ளை மாதிரியே இல்லை, எத்தனை பதவிசு என்றார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்தப் பாடத்தை அவள் விமானத்தில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாள். ஒரு தடவைக்கு மேல் கேட்கக் கூடாது என்று சட்டம் போட்ட வகுப்பில், மூன்றாவது தடவைக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

சைக்கிளில் அவளைப் பின்னால் உட்காரவைத்து மிதித்துக்கொண்டே கேட்டேன். "ரூஸ் பழம் குடுத்தப்ப உனக்கு வேணும்னுதான் இருந்துச்சா?"

"ஆமாங்மா."

"அப்பறம் ஏன் வேண்டாம்னே?"

"அவ இன்னொருக்காக் கேக்கவே இல்லீங்ளே. ஆருமே கேக்க மாட்டாங்க. என்னயப் புடிச்சிருந்தாக் கேப்பாங்கல்ல."

எதிர்க்காற்று அடித்துக்கொண்டிருந்தது. காற்றுதான் காரணம் என்று நானே சொல்லிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன். ஆனால் அது பாதி சிரிப்பு. பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, அந்த வகுப்புப் பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் இல்லை. அவரவர் மரியாதையை அவரவர் ஒழுங்காகக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

6

மறுநாள் எல்ஸைப் பிடித்துக்கொண்டேன். என் டச்சு தடுமாறும், அவசரத்தில் இன்னும் தடுமாறும். எப்படியோ சொல்லி முடித்தேன்.

"அப்படியானால் நிஜமாகவே வேண்டாதவர் என்ன சொல்வார்?" என்று கேட்டார்.

"அவரும் வேண்டாம் என்றுதான் சொல்வார்."

"வித்தியாசம் எப்படித் தெரியும்?"

"முகத்தைப் பார்த்தால் தெரியும்."

"மூன்று தடவைக்கு அப்புறமும் வேண்டாம் என்றால்?"

"கோபித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். என்ன தப்பு செய்தோம் என்று விசாரிக்க வேண்டும்."

அவர் சிரிக்கவில்லை. "நல்ல வேளை சொன்னீர்கள். இது எனக்குத் தோன்றியே இருக்காது" என்றார். எனக்கு உயிர் வந்தது. சரி, இனிமேல் மகியை இரண்டு மூன்று தடவை கேளுங்கள் என்று பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்றேன்.

"நான் சொல்ல முடியாது. அது அவர்கள் போட்ட சட்டம். மாற்ற வேண்டுமென்றால் வட்டத்தில் மகிதான் கேட்க வேண்டும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பேசத் தயங்குகிற பிள்ளைதான் பேசி இதைச் சரி செய்துகொள்ள வேண்டுமாம். டீச்சர் என்று ஒருவர் எதற்கு? நம் ஊரில் என்றால் ஒரு அதட்டலில் முடிந்திருக்கும். வாய்க்குள் நான் முனகியது டச்சு இல்லை, அதனால் தப்பித்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர், வெள்ளிக்கிழமை நீங்களும் வந்து உட்காரலாம், ஆனால் வட்டத்துக்கு வெளியே, வாயைத் திறக்கக் கூடாது என்றார். சூலூரிலிருந்து இத்தனை தூரம் போயும் அதே தண்டனை.

வீட்டில் ஒத்திகை பார்த்தோம். முறுக்கை நீட்டி, வேணுமா என்று ஒரே தடவை கேட்பது, வேண்டாம் என்றால் டப்பாவை மூடிவிடுவது. மகி பழக்கத்தில் வேண்டாம் என்றுவிட்டு மூடிய டப்பாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவாள். நான் கல்லாக இருப்பேன். இவர் சமையலறைப் பக்கமாகப் போய் ரகசியமாக நாலு முறுக்கைக் கொடுத்துவிட்டு வருவார். இந்த லட்சணத்தில் நடந்தது எங்கள் பயிற்சி.

7

வெள்ளிக்கிழமை. ஜன்னலோரம் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து முந்தானை இல்லாத குறைக்கு மப்ளரைக் கடித்துக்கொண்டிருந்தேன். வாத்து சுற்றி வந்தது. ரூஸ் தன் பூனை குட்டி போட்டதைச் சொன்னாள். வாத்தை மகியிடம் நீட்டி, "பேசுகிறாயா?" என்றாள்.

மகி தலையைச் சாய்த்தாள். கை கவிழ்ந்தது. "வேண்டாம்" என்றாள்.

போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

வாத்து அவளைத் தாண்டி, தைஸைத் தாண்டி, இன்னும் தள்ளிப் போனது. அப்போதுதான் மகியின் குரல் கேட்டது. "எனக்குப் பேசணும்."

"நீ வேண்டாம் என்றாயே, வாத்து பின்னால் போகாது" என்றான் அப்போது வாத்தை வைத்திருந்தவன். மற்றவர்களும் ஆமோதித்தார்கள். எல்ஸ் கையைத் தூக்கி வாத்தை வாங்கி, "என்ன செய்யலாம்?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஒரு பெரிய விவாதம் நடந்தது. வாத்துக்குப் பின்பக்கமாக நடக்கத் தெரியுமா என்றெல்லாம் பேசினார்கள். கடைசியில் இன்றைக்கு ஒருநாள் மட்டும் வாத்து பின்னால் போகலாம் என்று முடிவாயிற்று. கைமாறிக் கைமாறி மகியிடம் வந்தது.

"எங்க ஊரில் முதலில் வேண்டாம்னு சொல்லுவோம்" என்றாள். "ஆனா வேணும். திரும்பக் கேட்டா வாங்கிக்குவோம். நீங்க யாரும் திரும்பக் கேக்கறதே இல்லை."

ரூஸ் வாத்துக்குக்கூடக் காத்திராமல், "அப்போ நிஜமாவே உனக்கு வாழைப்பழம் வேணுமா? தினமுமா?" என்றாள். மகி தலையாட்டினாள். ரூஸின் முகம் விழுந்துவிட்டது. "உனக்கு எங்களைப் பிடிக்காதுன்னு நினைச்சேன்" என்றாள்.

மப்ளர் நனைந்தது. வாயைத் திறக்கவில்லை, சத்தியம்.

தைஸ் மட்டும் ஒப்பவில்லை. வாத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "கிச்சுக்கிச்சு மூட்டும்போது நான் ஒரு தடவை வேண்டாம் என்றால் நிறுத்த வேண்டும். திரும்பக் கேட்கக் கூடாது" என்றான். அவனுக்கு அதுதான் உயிர்ப்பிரச்சினை. மகி யோசித்தாள். "தொடறதுக்கு ஒரே தடவைதான். தின்பதற்கும் பேசுவதற்கும் மூணு தடவை" என்றாள். மூன்று தடவை கேட்டால் வாழைப்பழம் கறுத்துவிடும் என்று வேறொருவன் கவலைப்பட்டான். பேரம் படிந்து இரண்டு தடவை என்று நின்றது. மணிகள் விழுந்தன. நீலக் கிண்ணம் நிறைந்தது. தைஸின் மணியும் நீலத்தில்தான்.

உள்ளங்கைப் படத்துக்குக் கீழே இப்போது இரண்டு வாழைப்பழம் வரைந்த படம் ஒட்டியிருக்கிறது. மகி வரைந்தது. கோடையில் அடுத்த பத்து நிமிடச் சந்திப்பு நடந்தபோது எல்ஸ் முதல் நிமிடத்திலேயே, "அவள் மேல் வகுப்புக்குப் போகிறாள்" என்றார். மிச்ச நேரம் முழுக்க ரூஸும் மகியும் வட்டத்தில் பேசிக்கொண்டே இருப்பதைப் பற்றிப் புகார் சொன்னார். அதை நான் பாயசம் குடிக்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன்.

8

நேற்றைய தாராபுரத்துக்கு வருகிறேன். மகி முதல் தடவையே வாங்கிக்கொண்டதில் தனக்காவுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. "கேட்ட ஒடனே ஒருத்தரு வாங்கினா மனசுக்கு எத்தன நல்லாயிருக்குது" என்று சிரித்தார். நாங்கள் எழுந்து கை கழுவினோம். வந்தவர்களுக்கு வெற்றிலை போனது. தனக்கா இலைகளை எடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். நானும் மகியும் பின்னால் போனோம். தட்டில் விளிம்பு கிழிந்த ஒப்புட்டு ஒன்று மிச்சமிருந்தது.

மகி தட்டைத் தூக்கினாள். "உங்களுக்கு ஒப்புட்டு வேணுங்களா பெரீம்மா?"

"எனக்கெதுக்கு கண்ணு, வேண்டாம். நீ தின்னு."

நான் பாத்திரத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டேன். பெண்டுகள் அடுப்படியில் சொல்கிற வேண்டாம்தானே. மகி நகரவில்லை.

"வேணுங்களா பெரீம்மா?"

மகி வேறு யாரிடமோ கேட்கிறாள் என்பது போலத் தனக்கா ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு மகியைப் பார்த்தார். கதவருகே சொம்புக்காக வந்து நின்ற அண்ணன், "நீ இன்னும் திங்கலியா? தின்னிருப்பேன்னு நெனச்சுட்டேன்" என்றார். தனக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அங்கேயே பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தட்டை வாங்கினார்.

மகி நெய்க் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தினாள். "நெய் ஊத்தட்டுங்களா?"

"ஊத்து கண்ணு" என்றார் தனக்கா, முதல் தடவையிலேயே.